ராக் பேண்டுக்கு ஒரு பாகப்பத்திரம்: டர்பன் குழுக்களுக்கான கையேடு

ஐந்து பேர் சேர்ந்து பேண்டு தொடங்கினால் முதல் வாரம் பெயர் வைப்பார்கள், இரண்டாம் வாரம் லோகோ வரைவார்கள், மூன்றாம் வாரம் முகநூலில் பக்கம் திறப்பார்கள். யாருக்கு எது சொந்தம் என்று எழுதிவைக்கும் நினைவு பிரியும் நாளில்தான் வரும். அன்றைக்கு மிக்ஸர் ஒருவர் வீட்டில் இருக்கும், பாட்டுக் கோப்புகள் இன்னொருவர் கணினியில் இருக்கும், யூடியூப் கடவுச்சொல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவரிடம் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் தமிழில் ராக் பாடப் புறப்படுகிறவர்கள் பாகப்பத்திரத்தை முதல் மாதத்திலேயே எழுதிவிட வேண்டும். எல்லாருக்கும் எல்லாரையும் பிடித்திருக்கும்போது போடும் கணக்கில்தான் நியாயம் இருக்கும்.

பெயர்

பெயர் பிடித்துப்போனதும் போஸ்டர் அடித்துவிடாதீர்கள். பாட்டுச் செயலிகளில் தேடுங்கள், யூடியூபில் தேடுங்கள், பிறகு சிஐபிசி என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தின் வணிகக்குறிப் பட்டியலில் தேடுங்கள். மேடை நிகழ்ச்சிக்கு 41ஆம் வகுப்பு, ஒலிப்பதிவுக்கு 9ஆம் வகுப்பு, டீ-ஷர்ட் விற்பதாக இருந்தால் 25ஆம் வகுப்பு. பதிவு 10 ஆண்டு செல்லும், அதன்பின் புதுப்பிக்கலாம்.

இதற்கு டர்பனிலேயே பாடம் இருக்கிறது. 1963இல் இங்கே தொடங்கிய தி ஃப்ளேம்ஸ் குழுவில் ஃபதார் சகோதரர்கள் இருந்தார்கள். பிளாண்டி சாப்ளின் பிற்பாடு சேர்ந்தார். லண்டனுக்குப் போன இடத்தில் அமெரிக்க ராக் குழுவான பீச் பாய்ஸின் கார்ல் வில்சன் இவர்களைக் கேட்டு, அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே பாடகர் ஜேம்ஸ் பிரௌனின் ஃபேமஸ் ஃப்ளேம்ஸ் குழு ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. ஊரில் வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சம்பாதித்த பெயரின் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு, 1970இல் ‘தி ஃப்ளேம்’ என்றுதான் ஆல்பம் வந்தது. 1972இல் ரிக்கி ஃபதாரும் சாப்ளினும் பீச் பாய்ஸில் சேர்ந்தார்கள். நாலு பேரில் இரண்டு பேர் போய்விட்டால் மிச்சமுள்ள இரண்டு பேர் பழைய பெயரில் மேடை ஏறலாமா? இந்தக் கேள்விக்கு உங்கள் தாளில் பதில் இருக்க வேண்டும்.

வழிகள் மூன்று. குழு கலைந்தால் பெயரும் போகட்டும் என்று எழுதலாம். தொடங்கியவருக்கே பெயர் என்று எழுதலாம். அல்லது எண்ணிக்கை வைக்கலாம்: ஐவரில் முதலில் இருந்த மூவர் தொடரும்வரை பெயர் அவர்களுக்கு, அதற்குக் கீழே போனால் யாருக்கும் இல்லை. மூன்றாவதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. ரசிகர் காசு கொடுத்து வந்து, போஸ்டரில் பார்த்த முகங்களில் ஒன்றை மட்டும் மேடையில் பார்ப்பது சரியில்லை. நால்வர் குழு என்றால் இரண்டுக்கு இரண்டு பிரிந்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும். வணிகக்குறியை ஒருவர் பெயரில் பதிந்தால் சட்டப்படி அது அவருடையது. எல்லாருக்காகவும்தான் வைத்திருக்கிறேன் என்று அவரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள்.

ஒத்திகை அறை

சாட்ஸ்வொர்த் வீடுகள் பல, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோட்டவை. காராஜில் முட்டைத் தட்டு ஒட்டினால் எதிரொலி குறையும், அடுத்த வீட்டுக்குப் போகும் சத்தம் குறையாது. பேஸும் கிக் டிரம்மும் தரை வழியாகத்தான் அதிகம் போகின்றன. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை இரண்டை எடுத்து, நடுவே பழைய டென்னிஸ் பந்துகளை ஓரடிக்கு ஒன்றாக வரிசையாகப் பதித்து, அதன் மேல் டிரம்ஸை வையுங்கள். பேஸ் ஆம்பையும் தரையிலிருந்து தூக்கிவையுங்கள். காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். டிரம்ஸ் அருகே 100 டெசிபல் சாதாரணம். அங்கே 15 நிமிஷம்தான். காதடைப்பான் இல்லாமல் ஒத்திகைக்கு வரக் கூடாது என்பதை விதியாக்குங்கள்.

டர்பனின் உப்புக் காற்றும் ஈரமும் கிட்டார் கம்பிகளைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

மிருதங்கத்தையோ நாதஸ்வரத்தையோ சேர்ப்பதாக இருந்தால் சுருதியை முதலில் பேசி முடியுங்கள். ஒரு கட்டை என்றால் கிட்டார்காரரின் சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. மிருதங்கத்தைத் தட்டி ஏற்றி இறக்க இடம் கொஞ்சம்தான். முக்கால் மணி நேர நிகழ்ச்சியில் மூன்று சுருதிக்கு அதை இழுக்க முடியாது. ஆகவே மிருதங்கம் வரும் பாட்டுகளை ஒரே சுருதியில் அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். கிட்டார்காரர் கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட்டுக்கொள்ளலாம்.

மண்டபத்து மின்சாரம்

நிகழ்ச்சி நடுவே ஆம்ப் அணைந்தால் குற்றவாளி பெரும்பாலும் பேண்டு இல்லை, சமையலறை. 16 ஆம்பியர் சுற்று ஒன்று 230 வோல்ட்டில் 3,680 வாட் வரைதான் தாங்கும். தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் அர்ன் ஒன்றே 2,000 முதல் 3,000 வாட் இழுக்கும். பிரியாணியைச் சூடாக வைக்கும் பெட்டியும் அதே சுற்றில் சேர்ந்தால் உங்கள் முதல் கோரஸிலேயே பிரேக்கர் விழும். மண்டபத்துக்குப் போனதும் பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டைத் திறந்து, மேடைப் பக்கத்துப் பிளக்குகள் எந்தப் பிரேக்கரில் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு சின்ன விளக்கைச் செருகிவிட்டு ஒவ்வொரு பிரேக்கராக இறக்கினால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். சமையலறைப் பெண்களிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “ஆன்ட்டி, அர்னை அந்தப் பக்கத்துப் பிளக்கில் போடலாமா?” மறுத்தவர்கள் குறைவு.

‘ஹம்’ சத்தம் வந்தால் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு ஏற்பட்டால் கிட்டார் கம்பி ஒரு கையில், மைக் உதட்டில் என்று நிற்பவர் வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். ஹம்மை நீக்க, கருவியை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது; எல்லா ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே சுற்றிலிருந்து எடுத்தாலே பாதி ஹம் போய்விடும்.

மின்வெட்டு 2023இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும் மாற்று ஏற்பாடு இல்லாமல் முன்பணம் வாங்காதீர்கள். இரண்டு ஸ்பீக்கர், மிக்ஸர், கீபோர்டு சேர்ந்து சராசரியாக 600 வாட் என்று வைத்தால், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒரு மாலை முழுக்க ஓடும். இன்வர்ட்டர் ‘பியூர் சைன்’ வகையாக இருக்க வேண்டும். மலிவான வகை கிட்டார் ஆம்பில் தேனீக்கூடு போல இரையும்.

காலமும் காசும்

இங்கே பேண்டின் ஆண்டு, பஞ்சாங்கப்படிதான் ஓடுகிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் காலம், கல்யாணம் இல்லை. புரட்டாசியில் வீட்டுக்கு வீடு விரதம். இந்த இரண்டு மாதங்களையும் பாட்டெழுதவும் ஒலிப்பதிவுக்கும் ஒதுக்குங்கள்; தீபாவளிக்குப் பிறகு டிசம்பர் முடியும்வரை சனி ஞாயிறு உங்களுடையவை அல்ல. காவடி, இசிபிங்கோ கோயிலின் ஈஸ்டர் திருவிழா ஆகியவற்றில் குழுவில் யார் விரதம், யார் காவடி எடுக்கிறார் என்று ஜனவரியிலேயே குறித்து வையுங்கள். இது தெரியாமல் புக்கிங் வாங்கி, கடைசி வாரத்தில் “நான் வர முடியாது” என்று ஒருவர் சொல்வதிலிருந்துதான் பல சண்டை தொடங்குகிறது.

காசைப் பிரிக்கும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் செலவு, பிறகு பொது நிதி, பிறகு பங்கு. நிகழ்ச்சிக்கு 12,000 ரேண்ட் என்று வையுங்கள். ஸ்பீக்கர் வாடகை 2,800, சவுண்ட் பார்ப்பவருக்கு 900, பெட்ரோல் 700 போக மிச்சம் 7,600. அதில் 15 சதவீதம், 1,140 ரேண்ட், பொது நிதிக்கு. பாக்கி 6,460ஐ ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 1,292. இந்தக் கணக்கை அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மறுநாள் போட்டால் சந்தேகம் ஒரு நாள் வளர்ந்திருக்கும். வங்கிக் கணக்கைப் பார்க்க எல்லாருக்கும் அனுமதி, பணம் எடுக்க இரண்டு பேர் ஒப்புதல். முன்பணம் பாதி வாங்குங்கள். நிகழ்ச்சி முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

நம் குழுக்களில் அண்ணன் தம்பி, மச்சான், மாமன் மகன் என்று உறவு கலந்திருக்கும். பணத்தை வைத்திருக்கும் பெரியவரிடம் இளையவர் கணக்குக் கேட்க முடியாமல் வருஷக்கணக்கில் மனத்தில் வைத்துக் குமைவார். மாதம் ஒரு நாளைக் கணக்கு நாளாக வைத்துவிட்டால் யாரும் கேட்க வேண்டியதில்லை. “அண்ணே, இன்னிக்குக் கணக்கு நாள்” என்று சொல்வதில் யார் மனமும் புண்படாது.

பாட்டு யாருடையது

பிரிவில் கசப்பு அதிகம் வருவது இங்கேதான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. வானொலியிலும் மேடையிலும் படைப்பு ஒலிப்பதற்கான பணம், 1961இல் அமைந்த சாம்ரோ என்னும் உரிமைச் சங்கத்தின் வழியாக எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் போகிறது. ஒலிப்பதிவு ஒலிபரப்பாவதற்கான பணம் சாம்ப்ரா என்னும் இன்னொரு சங்கத்தின் வழியாக, பதிவின் உரிமையாளருக்குப் பாதி, அதில் வாசித்தவர்களுக்குப் பாதி. பிரதி எடுப்பதற்கான உரிமைப் பணத்தைக் கப்பாசோ என்னும் மூன்றாவது சங்கம் வசூலிக்கிறது. மூன்றிலும் தனித்தனியே பதிய வேண்டும். இன்னொருவர் பாட்டைப் பாடிப் புகழ் பெற்றால் சாம்ரோ பணம் அந்த இன்னொருவருக்குத்தான். தி ஃப்ளேம்ஸுக்கு 1968இல் இங்கே பெரும்புகழ் தந்த பாட்டும் முன்பே வேறொருவர் பாடிய அமெரிக்கப் பாட்டுதான்.

பங்குத் தாளைப் பாட்டு முடிந்த அன்றே, அறையை விட்டு வெளியேறுமுன் எழுதுங்கள். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் பெயர், சதவீதம், கையெழுத்து. கூட்டினால் 100 வர வேண்டும். வரிக்கு 40, மெட்டுக்கு 40, மீதி 20ஐ மூவருக்கு என்று பேசினால் தீராத பின்னம் வரும். 38, 38, பிறகு ஆளுக்கு 8 என்று வைத்தால் சரியாகும். திரும்பத் திரும்ப வரும் கிட்டார் ரிஃப் ஒன்றே பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது என்றால் அது மெட்டில் சேர்த்தி. டிரம்ஸ்காரருக்குப் பங்கு உண்டா? அவர் தாளத்தை மாற்றியதால் மெட்டின் நடையே மாறியிருந்தால் உண்டு. எல்லாப் பாட்டையும் சரிசமமாகப் பிரிக்கும் குழுக்களும் உண்டு. ஒருவரே எழுதும் குழுவில் அது மூன்றாம் வருஷம் அவரை வெளியே தள்ளும். எங்கள் கருத்தில் எழுதியவருக்குக் கூடுதல், யாருக்கும் சுழி இல்லை என்ற வழிதான் அதிக நாள் நிற்கிறது.

“அந்தப் பாட்டை நீயே வச்சுக்க” என்று வாயால் சொன்னது செல்லாது. 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும்.

தமிழ்ப் பாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, ரோமன் எழுத்தில் எழுதித்தான் பாடுகிறார்கள். அதில் மழையும் மலையும் ஒன்றாகிவிடும், கல்லும் காலும் குழம்பும். வரிகளை முதலில் தமிழ் எழுத்தில் எழுதி, தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, அதன் கீழே ரோமன் வரியை நெடிலுக்கு இரட்டை எழுத்துப் போட்டு எழுதுங்கள். மெட்டில் நீட்டும் இடம் நெடிலாக இருக்கட்டும். குறிலை நீட்டினால் ‘பட்டு’ ‘பாட்டு’ ஆகும். பாட்டின் பெயருக்கு ஒரே ரோமன் எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து சாம்ரோவிலும் செயலிகளிலும் வானொலிக்குக் கொடுக்கும் தாளிலும் அதையே போடுங்கள். இரண்டு விதமாக இருந்தால் லோட்டஸ் எஃப்எம் பாட்டை ஒலிபரப்பியும் பணம் உங்களை வந்து சேராமல் போகலாம்.

கோப்பும் பொருளும்

ஒலிப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் (ஒரு கருவியின் அல்லது குரலின் தனிப் பதிவு) பாட்டின் தொடக்கத்திலிருந்தே, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். நான்கு நிமிஷப் பாட்டு, 16 தடம் என்றால் சுமார் 550 மெகாபைட். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். ஸ்டுடியோ மென்பொருளின் கோப்பை மட்டும் வைத்திருந்தால் ஐந்து வருஷம் கழித்து அது திறக்காமல் போகலாம். யூடியூப் பக்கத்துக்கு உரிமையாளர் இரண்டு பேர். செயலிகளுக்குப் பாட்டை அனுப்பும் நிறுவனங்களில், ஆண்டுச் சந்தா நின்றால் பாட்டை இறக்கிவிடுபவையும் உண்டு; சந்தா யார் அட்டையிலிருந்து போகிறது என்பதைத் தாளில் எழுதுங்கள்.

பொருள்களுக்கு ஓர் ஏடு: பொருள், வரிசை எண், வாங்கிய தேதி, விலை, யார் காசு. பொது நிதியில் வாங்கியதை ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்து மதிப்பிடுங்கள். 15,000 ரேண்ட் மிக்ஸர் மூன்று வருஷத்தில் 6,000. ஐவரில் ஒருவர் விலகினால் அவருக்கு 1,200. பாதி உன் காசு, பாதி குழுக் காசு என்று எதையும் வாங்காதீர்கள். சண்டை வரும் பொருள் அதுதான்.

விரிசலும் பிரிவும்

விரிசலைக் கண்டுபிடிக்கச் சில அடையாளம்: ஒரே வண்டியில் வந்தவர்கள் தனித்தனி வண்டியில் வருவது, சவுண்ட் செக் முடிந்ததும் ஒருவர் காருக்குள் போய் உட்காருவது, புதுப் பாட்டுக்கு யாரும் எதிர்ப்புச் சொல்லாமல் இருப்பது. மூன்றாவது ரொம்ப மோசம். இந்தக் கட்டத்தில் கூட்டம் போடுங்கள், மேடைக்கு முன்போ பின்போ போடாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது என்பவை மனக்கசப்பு இல்லாத காரணங்கள்; அவற்றுக்கு ஆள் மாற்றினால் போதும். கசப்பு இருந்தால் பிரிவதே மேல்.

பத்திரத்தில் விலகலுக்கு இப்படி ஒரு வரி இருக்கட்டும்: “விலகுபவர் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அதற்குள் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளில் வாசிக்க வேண்டும், அல்லது மாற்று ஆளின் கூடுதல் கூலியை ஏற்க வேண்டும், அவருடைய பாட்டுப் பங்கு மாறாது, பொருள் பங்கு 30 நாளில் தரப்படும்.” எல்லாரும் கையெழுத்திட்டு, குழுவுக்கு வெளியே இருவர் சாட்சி போட வேண்டும்.

கலைவது உறுதியானதும் வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் முன்பணம் தந்தவர்களிடம் நேரில் சொல்லி, நிகழ்ச்சியை நடத்துவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடியுங்கள். செய்தியை முகநூலில் பார்த்துத் தெரிந்துகொண்ட மணப்பெண்ணின் அப்பா உங்களை மன்னிக்க மாட்டார். அடுத்து கடன். லாபத்தைப் பங்குபோடும் குழு, எழுத்தில் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் கூட்டாண்மையாகலாம். கலைந்தபின் கடன்காரர் உங்களில் யாரிடமும் முழுத் தொகையைக் கேட்க இடமிருக்கிறது. கடன் தீர்ந்தபின் பொருள், அதன்பின் கோப்புகள்: ஐந்து ஹார்டு டிஸ்க், எல்லாருக்கும் முழுப் பிரதி. கடைசியாக அறிவிப்பு. மூன்று வாக்கியம், காரணம் சொல்லாமல், ஐவரும் படித்து ஒப்புக்கொண்டது, ஒரே நேரத்தில். அதன் கீழே வரும் கேள்விகளுக்கு யாரும் பதில் எழுதக் கூடாது.

யாராவது பங்கைத் தர மறுத்தால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. 2019இல் அதன் வரம்பு 20,000 ரேண்டாக உயர்ந்தது. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, ஆகவே பொருள் ஏடும் பங்குத் தாளும்தான் உங்களுக்காகப் பேசும்.

போஸ்டர், கையெழுத்து வரித்தாள், மேடைப் படங்கள் ஆகியவற்றைப் பங்குபோட்டுச் சிதறடிக்காமல், வெஸ்ட்வில்லில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்திடம் ஏற்பார்களா என்று கேளுங்கள். இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் இடம் அது. கொடுக்குமுன் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஆண்டு, மண்டபம், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் படத்தின் முன்பக்கம் ஊறிவிடும்.